மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி

ஹரிஷுக்கு வீட்டில் இரண்டு மேலதிகாரிகள். மாடியில் இருந்தவள் அவனுடைய அக்கா மங்களம். கீழே இருந்தவள் மனைவி வீணா. இரண்டு பேரும் ஒருநாளும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. போட்டிருந்தால் பாதித் தொல்லை அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்திக்கு இருந்த மனக்குறையெல்லாம் மரியாதையாக, மெல்லிய குரலில், ஹரிஷின் காதில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"ஹரி, உன் பொண்டாட்டி நல்ல பொண்ணுதான்டா. நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா வாய்ல சரிக்கா, சரிக்காங்கறா. செய்யறது மட்டும் இல்ல," என்பாள் அக்கா.

"ஏங்க, உங்க அக்காவப் பத்தி நான் பேசவே கூடாது. ஆனா அவங்களே மாத்துன்னு சொல்றாங்க. மாத்தினா அவங்களே பழசத் திரும்பப் போட்டு வெச்சிடறாங்க. எதுக்குங்க இந்த வெளையாட்டு?" என்பாள் வீணா.

இரண்டு பேருக்கும் ஹரிஷ் சொன்ன பதில் ஒன்றுதான். "பாக்கறேன்." பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமலே காலம் தள்ளுவதில் அவன் பெரிய கெட்டிக்காரன். ஆனால் இந்த விஷயத்தில் அது செல்லுபடியாகவில்லை. புகார் எங்கே சுற்றினாலும் கடைசியில் அவன் கட்டிய பெட்டியில்தான் வந்து நின்றது.

சந்தாபுராவில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த வீடு அது. கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. மாடியில் ஒரே ஒரு அறை, அது அக்காவுக்கு. மாடிப்படி ஹாலுக்குள்ளேயே ஏறிப் போகும். மற்ற வீடுகளில் படிக்கு அடியில் செருப்பும் காலி சிலிண்டரும் கிடக்கும். இந்த வீட்டில் அங்கே ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், முன்னால் ஒரு பச்சை விளக்கு. வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவான பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் இருப்பவர் வைப்பதைக் கீழே இருப்பவர் எடுக்கலாம், கீழே இருப்பவர் வைப்பதை மாடியில் எடுக்கலாம். பொம்மசந்திராவில் மருத்துவக் கருவி செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்த ஹரிஷ், பழைய பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அதைத் தானே கட்டினான். வீட்டுக்கு யார் வந்தாலும் குனிந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்க முடியும்.

அந்தப் பெட்டியை நம்பித்தான் இரண்டு பெண்களின் வேலையும் ஓடியது. கன்னட சீரியல்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் வேலை. வீணா தர்மபுரிக்காரி. வேலையை முதலில் பிடித்தது அவள்தான், ஆனால் அவளுடைய கன்னடம் காய்கறிக் கடைக் கன்னடம். ஒருநாள் அவள் திரையைப் பார்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த மங்களம், "அது கோவத்துல சொல்றதில்ல வீணா, பாசத்துல சொல்றது," என்றாள். மல்லேஸ்வரத்தில் பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவள் அவள். அவளுக்குத் தமிழும் கன்னடமும் வலது கை, இடது கை மாதிரி. அன்றைக்கே வீணா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

அதற்கு முன் மங்களம் சேலத்தில் பெரியண்ணன் நாராயணசாமி வீட்டில் இருந்தாள். கணவர் போன பிறகு பல வருடம் அங்கேதான். தங்கைக்குத் தன் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்வார். விடியற்காலையில் எழுந்து வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுவதைக் குறை என்று எண்ணும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தம்பி வீட்டுக்கு வந்தவளுக்கு, ஐம்பது வயதுக்கு மேல் ஒரு வேலை கிடைத்தது. அவள் பெயரில் ஒரு மெயில் ஐடி வந்தது. "மங்களம் மேடம்" என்று யாரோ ஒரு பெண் போனில் கூப்பிட்ட அன்று, அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து ஹாலில் சும்மா இரண்டு சுற்று நடந்துவிட்டுத் திரும்ப ஏறிப் போனதை ஹரிஷ் பார்த்தான். அக்கா இனி சேலத்துக்குப் போகக் கூடாது என்று அன்று அவன் மனதுக்குள் முடிவு கட்டினான்.

வேலை நடக்கும் விதம் இது. மாடியில் மங்களம் பெட்டியில் இருக்கும் கோப்பை நேராகத் திறந்து, வசனத்தைத் தமிழில் எழுதி, அங்கேயே சேமிப்பாள். கீழே வீணாவின் லேப்டாப்பில் அதே கோப்பின் பிரதி ஒன்று இருக்கும். அவள் வரிகளைச் சுருக்கி, உதட்டசைவுக்கு நேரம் பொருத்துவாள். நடுவில் ஹரிஷ் வைத்த ஒரு சின்ன ப்ரோகிராம் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். எது கடைசியாகச் சேமித்ததோ அதுதான் சரியென்று எடுத்துக்கொண்டு, மற்றதையும் அதைப்போலவே ஆக்கிவிடும். வீணா முடித்ததை மங்களம் மறுபடி பார்த்து, ஏதாவது இடறினால் படியின் உச்சியில் நின்று குரல் கொடுப்பாள். "வீணா, அந்த மாமியார் பேசற எடம்!" கீழேயிருந்து, "சரிக்கா!" என்று பதில் வரும். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகத்தான் ஓடியது. அவ்வப்போது ஏதாவது ஒரு திருத்தம் காணாமல் போகும். மறந்திருப்பாள் என்று மங்களமும், கவனிக்காமல் மாற்றியிருப்பாள் என்று வீணாவும் விட்டுவிடுவார்கள்.

வினை, ஹரிஷ் பெட்டியைச் சரிசெய்யக் கிளம்பியபோது பிடித்தது.

மாடியில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது, சேமித்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அக்கா சொல்லியிருந்தாள். அவன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு எழுதிவைத்தான். மாடிக்குப் போன கேபிள் கதவிடுக்கில் நசுங்கி இருந்தது, புதிது இழுத்தான். வீணாவின் லேப்டாப்பை வைஃபையிலிருந்து பிரித்து ஒயரில் மாட்டினான். வீட்டிலுள்ள போட்டோவுக்கெல்லாம் குட்டிப் படம் தயாரிக்கிறேன் என்று பெட்டி நாள் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினான். பகலில் ஓடிக்கொண்டிருந்த பேக்கப்பை ஆள் தூங்கும் நேரத்துக்குத் தள்ளினான். கடைசியில் மாடிக்குப் போய்ப் படத்தை ஓட்டிப் பார்த்தால், சும்மா சொல்லக் கூடாது, வழுக்கிக்கொண்டு ஓடியது. "பரவால்லியேடா!" என்றாள் அக்கா. ஹரிஷ் அன்று கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சற்று அதிகமாகவே வாரிக்கொண்டான்.

அந்த வாரத்திலிருந்துதான் திருத்தங்கள் கொத்துக் கொத்தாகக் காணாமல் போயின. முன்பு எப்போதோ ஒன்று, இப்போது தினமும்.

சீரியலில் ஒரு தாய், குடித்துவிட்டு வந்த மகனைப் பார்த்து, "எல்லா நின்ன ஹணெபரஹ," என்கிறாள். வீணா அதை "உன் விதி" என்று சுருக்கியிருந்தாள். மங்களம் படி உச்சியிலிருந்து, "வீணா, விதின்னா யாரோ சாமியார் சொல்ற மாதிரி இருக்கு. தலையெழுத்துன்னு போடும்மா. ஒரு அம்மா அப்படித்தான் சொல்லுவா," என்றாள். "ஆமாக்கா, கரெக்டு," என்ற வீணா உடனே மாற்றினாள். சற்று நேரம் கழித்து மங்களம் மேலே பார்த்தால் "உன் விதி" அப்படியே இருந்தது. மறுபடி சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பிறத்தியார் வீட்டில் எத்தனை தடவை ஒரு வார்த்தையைச் சொல்வது? தம்பி வீடானாலும் அது தம்பி பெண்டாட்டியின் வீடு. கீழே வீணா, தான் மாற்றிய வரி தன் கண்ணெதிரே பழையபடி ஆகியிருப்பதைப் பார்த்துவிட்டு, கோப்பை மூடி, அரிசி களையப் போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ரசம் ஊற்றிக்கொண்ட மரியாதையைப் பார்த்தால் பயமாக இருந்தது.

பத்து நாள் போனது. ஒரு மாலை மங்களம் இறங்கி வந்து, தட்டில் கடலை உரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"சேலத்துல அண்ணிக்கு முட்டி வலியாம். அண்ணன் வரச் சொல்றாரு. திங்கக்கிழமை பஸ்ஸுக்குப் போலாம்னு இருக்கேன். இந்த எபிசோடு முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"எப்போ திரும்பி வருவே?" என்றான் ஹரிஷ்.

"பாக்கலாம்," என்றாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

வீணா எழுந்தாள். உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஹரிஷ் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். படிக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோதனை மேல் சோதனை. மாடிக்குப் போய் ஒரு வரியைச் சேமிப்பான். கீழே வந்து, வீணா வைத்த காபியைக் குடித்துவிட்டு, லேப்டாப்பில் அதே வரியை மாற்றுவான். மாடியில் போய்ப் பார்த்தால் ஒழுங்காக மாறியிருக்கும். டிஸ்க் இரண்டையும் முழுசாகப் பரிசோதித்தான், ஒரு கீறல் இல்லை. கம்ப்யூட்டரில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தால் மேலே பெரிய எழுத்தில் நேரம் காட்டும். அதையும் ஹால் சுவர்க் கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்தான். இம்மி பிசகவில்லை. பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை என்பது அவனுக்கு முதலில் பெருமையாகவும் பிறகு பயமாகவும் இருந்தது. பெட்டியில் குற்றமில்லை என்றால் குற்றம் யாரிடம்?

கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்மண்டிடம் கேண்டீனில் இதைச் சொன்னான்.

"மச்சா, மெஷின் பொய் சொல்லாது," என்றான் டெஸ்மண்ட், சாம்பாரில் வடையை அமுக்கிக்கொண்டே. "யாரோ ஒருத்தர் மாத்தறாங்க. யார் எத்தன மணிக்கு சேவ் பண்ணாங்கன்னு பொட்டியிலயே இருக்குமே. பாரு, தெரிஞ்சிடும்."

பார்க்கத்தான் ஹரிஷுக்குத் தைரியம் இல்லை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தான். காணாமல் போன ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே கதைதான். வீணா சேமித்த நேரம் முதலில் இருந்தது. அதற்குச் சில நிமிடம் கழித்து மாடியிலிருந்து ஒரு சேமிப்பு. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் கடைசிக் கை அக்காவுடையது.

அக்கா இப்படிச் செய்வாளா? சின்ன வயதில் அவனுக்குத் தலை வாரிவிட்டு, இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தான் பட்டினியாகக் கல்லூரிக்கு ஓடியவள். அவளா ஒரு வார்த்தைக்காக இப்படி மறைந்து விளையாடுகிறாள்? செய்யமாட்டாள் என்று நெஞ்சு சொன்னது. செய்தாள் என்று பெட்டி சொன்னது. அவன் பெட்டியை நம்பினான். வீணாவிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை அக்கா பையில் புடவை அடுக்கியபோது, "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போயேன்," என்று சொல்ல வந்தவன் சொல்லாமல் நின்றுவிட்டான். மங்களமும் அதைக் கவனித்தாள்.

ஞாயிறு காலை மங்களம் கடைசி எபிசோடின் பாதியை முடித்துச் சேமித்தாள். படி உச்சியில் வந்து நின்று, "வீணா, நாலஞ்சு எடம் சொல்றேன், முடிஞ்சா பாரு. இல்லேன்னா பிடு, பரவால்ல," என்று வரிகளைச் சொன்னாள். பிடு என்றால் விட்டுவிடு. கோபமோ வருத்தமோ வந்தால் அவளுக்கு முதலில் கன்னடம்தான் வரும். சொல்லி முடித்த கையோடு இறங்கி வந்து ஹரிஷின் ஸ்கூட்டரில் ஏறினாள். சேலத்துக்கு ராகி மாவும் கொஞ்சம் அவரைக்காயும் வாங்கிப் போக வேண்டும்.

சந்தாபுரா சந்தையில் இறங்கும் முன்பே பெரியண்ணனிடமிருந்து போன். மங்களம் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே பேசினாள். அண்ணன் பேசினால் சுருக்கமாகப் பேசமாட்டார். ஹரிஷ் வண்டியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். "சரிண்ணா... ஆமாண்ணா... எட்டு பேருக்கா? சரிண்ணா," என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வந்தபோது வீணா வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. இத்தனை நாள் மென்று விழுங்கியதெல்லாம் அன்று வெளியே வந்துவிட்டது.

"அக்கா, நான் தெரியாமத்தான் கேக்கறேன். கெளம்பறதுக்கு மொத நாளுமா? நீங்க சொன்ன அத்தன எடமும் மாத்தினேன். சேவ் பண்ணேன். இப்போ பாத்தா ஒண்ணு கூட இல்ல. எல்லாம் பழசு. என் வேல பிடிக்கலேன்னா நேரா சொல்லுங்க. நான் ஒங்களுக்கு வெளியாளா?"

"நான் எங்கம்மா மாத்தினேன்? நான் சொல்லிட்டு நேரா வண்டியில ஏறினேனே!" மங்களத்தின் குரலும் உயர்ந்தது. "நீதான் மாத்தறேன் மாத்தறேன்னு சொல்லிட்டு மாத்தாம இருக்கே. நான் போய்ட்டா ஒனக்கு நிம்மதின்னு நெனச்சுத்தான் நான் கெளம்பறதே!"

"நான் எப்பக்கா போகச் சொன்னேன்?"

ஒருவழியாகச் சண்டை வந்தேவிட்டது. ஹரிஷ் செருப்பைக் கழற்ற மறந்து நேராகப் படிக்கு அடியில் போய் உட்கார்ந்து பெட்டியின் பக்கத்தைத் திறந்தான். வழக்கம்போல வீணாவின் சேமிப்பு முதலில். அதற்குப் பின் மாடியிலிருந்து மங்களத்தின் சேமிப்பு. பதினொன்றேகால்.

"அக்கா, அண்ணன் போன் எத்தன மணிக்கு வந்தது?"

"இப்ப அது எதுக்குடா?"

"பாத்துச் சொல்லு."

மங்களம் போனை எடுத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "பதினொண்ணு பத்து. பத்து நிமிஷம் பேசியிருக்காரு."

பதினொன்றேகாலுக்கு அக்கா சந்தையில், அவனுடைய ஸ்கூட்டரின் பின் சீட்டில், அவன் கண்ணெதிரே அண்ணனுக்குச் சரி சொல்லிக்கொண்டிருந்தாள். அதே பதினொன்றேகாலுக்கு மாடியில் உட்கார்ந்து கோப்பைச் சேமித்தாள் என்று பெட்டி எழுதி வைத்திருந்தது. அக்கா செய்யவில்லை. பெட்டிதான் பொய் சொல்லியிருக்கிறது. ஹரிஷுக்கு வாழ்க்கையில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. உடனே அதற்குச் சமமாக வெட்கமும் வந்தது. நேற்று இந்தப் பொய்யை நம்பித்தானே அவன் வாயைத் திறக்காமல் நின்றான்?

அவன் பெட்டி காட்டும் நேரத்தைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டும் ஒன்றாக இருந்தன. பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தான். போன் பத்து நிமிடம் பின்னால் இருந்தது.

"அடப் பாவி," என்றான். தன்னைத்தான்.

இந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். அது கோளாறு இல்லை, குடும்பச் சட்டம். மல்லேஸ்வரம் வீட்டில் தம்பிகள் ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க மங்களம் போட்ட சட்டம் அது. அந்த வீடு போய்விட்டது, ஸ்கூல் பஸ் போய்விட்டது, சட்டம் மட்டும் பிள்ளைகள் போன ஊருக்கெல்லாம் கூடவே போனது. முன்னால் ஓடுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் அதை நினைப்பதில்லை.

மாடியில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த அன்று மங்களம் சொன்னாள், "ஹரி, ஒன் பெட்டி காட்டற டைம் நம்ம கடிகாரத்தவிட பத்து நிமிஷம் கம்மியா இருக்குடா. எனக்குக் கொழப்பமா இருக்கு." அக்கா தன் வீட்டில் முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள் என்ற பூரிப்பில் ஹரிஷ் ஓடிப்போய்ப் பெட்டியின் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்தான். மறுநாள் அது இன்டர்நெட்டைப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டது. பெட்டிக்கு இருந்த அந்த அறிவையும் பிடுங்கிவிட்டு, மறுபடி கூட்டி வைத்தான். பிறகு சுத்தமாக மறந்துபோனான். உலகத்தில் வேறு எந்த என்ஜினியருக்கும் இந்தக் காரியம் செய்யத் தோன்றியிருக்காது.

அவன் இருவரையும் படியில் உட்காரவைத்துச் சொன்னான். "அக்கா மாடியில சேவ் பண்ணா, பெட்டி அதோட டைமப் போடும். அது பத்து நிமிஷம் அதிகம். வீணா அதுக்கப்பறம் அஞ்சு நிமிஷத்துல மாத்தி சேவ் பண்ணா, லேப்டாப் சரியான டைமப் போடும். இப்போ ரெண்டயும் பாக்கற ப்ரோகிராமுக்கு அக்காவோடதுதான் புதுசு மாதிரி தெரியும். வீணா பண்ணதத் தூக்கிப் போட்டுட்டு பழசத் திரும்ப வெச்சிடும். யாரும் எதையும் மாத்தல. நான்தான்."

"அப்ப இவ்ளோ நாளா ஏன் இப்படி அடிக்கடி ஆகல?" என்றாள் வீணா.

ஹரிஷ் தலையைச் சொறிந்தான். "முன்ன பெட்டி ஸ்லோவா இருந்ததே. நீ தெறந்து, மாத்தி, சேவ் பண்றதுக்குள்ள பத்து நிமிஷம் போயிடும். நான்தான் ஃபாஸ்ட் ஆக்கினேன்."

காபி குடித்துவிட்டு நிதானமாகச் சோதித்ததால்தான் அவன் கண்ணில் அது ஒருமுறையும் படவில்லை என்பதை அவன் சொல்லவில்லை. அதை நான் சொல்லிவிட்டேன்.

நேரத்தைச் சரிசெய்தான். இனி தானே திருத்திக்கொள் என்று பெட்டிக்கு அனுமதியும் கொடுத்தான். "கடிகாரத்தையும் மாத்திடலாமா?" என்று கேட்டதற்கு, இரண்டு பெண்களும் ஒரே குரலில், "அது இருக்கட்டும்," என்றார்கள். மங்களம் மாடிக்குப் போய் ஒரு வரியைச் சேமித்துவிட்டுக் குரல் கொடுத்தாள். வீணா அந்த நொடியே மாற்றினாள். ஹரிஷ் நடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாறிடுச்சு!" என்றாள் மங்களம்.

அதோடு முடிந்ததென்று ஹரிஷ் நினைத்தான். மங்களம் இறங்கி வந்தாள், ஆனால் முகம் முழுசாகத் தெளியவில்லை. ஆள் தப்பு செய்யவில்லை என்று தெரிவது வேறு, இத்தனை நாள் பட்டது மறைவது வேறு. பை இன்னும் கதவோரம் இருந்தது. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அந்தச் சின்ன ப்ரோகிராமுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தோற்றுப்போன பிரதியை அது அழிப்பதில்லை, ஓர் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும். வீணாவின் லேப்டாப்பில் அந்த ஃபோல்டரைக் கண்ணில் படாமல் மறைத்து வைத்ததும் அவன்தான். பெட்டியையே குடைந்துகொண்டிருந்தவனுக்கு அங்கே தேடத் தோன்றவில்லை. இப்போது திறந்தான். உள்ளே வரிசையாகக் கிடந்தன.

மங்களம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் கோப்பில், குடித்துவிட்டு வந்த மகனுக்குத் தாய் சொன்னாள்: "எல்லாம் உன் தலையெழுத்து." அடுத்ததில், ஊருக்குக் கிளம்பும் பெண்ணை அனுப்பும் இடம். வெறும் "போ" என்று இருக்கக் கூடாது, நம் வீட்டில் யாரையும் அப்படி அனுப்பமாட்டோம் என்று மங்களம் சொல்லியிருந்தாள். "போயிட்டு வா" என்று இருந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. அவள் படி உச்சியிலிருந்து சொன்ன எல்லாமே இருந்தன. ஒன்றிரண்டு இடங்களில் அவள் சொன்னதைவிட நன்றாகவும் இருந்தன. "எத்தனை தடவை சொல்லியும் நீ கேட்கவே இல்லை" என்று அவள் நீட்டியதை வீணா, "சொன்னேனே, கேட்டியா?" என்று ஆக்கியிருந்தாள். மங்களம் அந்த வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இதெல்லாம் எப்போ பண்ணே நீ?"

"நீங்க சொன்ன ஒடனேக்கா. மேல காத்துக்கிட்டு இருப்பீங்களேன்னு அடுப்ப அணைச்சிட்டு ஓடி வருவேன்."

ஹரிஷ் மெல்லச் சொன்னான். "இவ கொஞ்சம் சோம்பேறித்தனமா, சமையல முடிச்சிட்டு வந்து பண்ணியிருந்தா எதுவுமே போயிருக்காதுக்கா. ஒடனே பண்ணதுதான் போயிருக்கு."

மங்களம் கண்ணாடியைக் கழற்றினாள். வீணாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சமையலறையில் குக்கர் கத்தியது, ஒருவரும் எழுந்து போகவில்லை.

அப்புறம் மங்களம் போனை எடுத்தாள்.

"அண்ணா, நாளைக்கு நான் வரல."

அண்ணன் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "ஏன், என்ன ஆச்சு? ஹரி பொண்டாட்டி ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா. நான் சொன்னதுக்கெல்லாம் சரின்னு சொன்னா, சொன்னபடியே செஞ்சும் இருக்கா. எனக்குத்தான் தெரியல."

"எனக்கு ஒண்ணும் புரியல. சரி, எப்போ வரே?"

"வரலண்ணா. அண்ணிக்கு ஒத்தாசையா ஒரு ஆள் பாத்துக்குங்க. எனக்கு இங்க வேலை இருக்கு."

"என்னம்மா பெரிய வேலை? அங்க மூணே பேரு. மூணு பேருக்குச் சமைக்கறது ஒரு வேலையா?"

"சமையல் இல்லண்ணா," என்றாள் மங்களம். அடுத்த வார்த்தைகளை அவள் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. "என் வேலை."

அண்ணன் வைத்த பிறகுதான் போனை வைப்பது அவளுடைய வழக்கம். அன்று அவளே வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து, பாதி எபிசோடு இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.